வழக்குரையும் குளிர்த்தியும்: வன்னிக் கண்ணகி மரபில் பெண்ணின் நீதிக்குரல்

1

பூசல் தணித்தலும் இணக்கம் பேணலும் பெண்மைக்கு இயல்பாக அமைந்த பணிகள் என்னும் கருத்து இற்றைநாளில் மாநாட்டு உரைகளிலும் அபிவிருத்தி நிறுவனங்களின் அறிக்கைகளிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2000 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நிறைவேற்றிய 1325 ஆம் இலக்கத் தீர்மானம், பிணக்குகளைத் தடுத்தல், தீர்த்தல், சமாதானத்தைக் கட்டியெழுப்புதல் ஆகியவற்றிற் பெண்கள் சமமாகப் பங்குபற்றுதல் வேண்டுமென வலியுறுத்தியது. தீர்மானம் கோரியது பங்கு. அதன் பெயரால் நிகழும் முயற்சிகள் பல பெண்ணிடம் எதிர்பார்ப்பதோ பண்பு. பொறுமை, மன்னிப்பு, மறதி என்பனவே அப்பண்புகள். தாயானவள் பொறுமையின் வடிவம். ஆதலின் அவளே சமாதானத்தின் தூதர் என்ற எளிய வாய்பாடு இவ்வாறு உருவாகின்றது.

இவ்வாய்பாடு வன்னிப் பெருநிலத்தை வந்தடையும்போது, அங்கே முன்னரே வேரூன்றியுள்ள மரபொன்றை எதிர்கொள்கின்றது. முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடலின் கரையில், வற்றாப்பளையிற் கோயில்கொண்டிருக்கும் கண்ணகி அம்மனைப் பொறுமையின் தெய்வமென்று எவரும் கூறார். அவள் அரசவை புகுந்து வழக்குரைத்தவள். கொலைக்குக் காரணம் கேட்டவள். நீதி பிழைத்த நகரை எரித்தவள். வன்னி மக்கள் வைகாசிதோறும் அவளுக்குப் பொங்கலிட்டு அவள் சினத்தைத் தணிக்கின்றனர். அச்சினம் எப்பொழுது, எதன் பின்னர்த் தணிகின்றது என்பதை அம்மரபு கூறும் முறையிலே சமாதானம் பற்றிய தெளிவான கோட்பாடொன்று அடங்கியுள்ளது. வழக்குக் கேட்கப்பட்ட பின்னரே குளிர்த்தி என்பதே அது. சிலப்பதிகாரத்தையும் ஈழத்துக் கண்ணகி மரபையும் இந்நோக்கில் ஒப்பிட்டு, வன்னிப் பெண்களின் அண்மைக்கால அனுபவத்துக்கு அவை எவ்வாறு உரைகல்லாகின்றன எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

சிலப்பதிகாரத் திறனாய்வு பெரும்பாலும் அந்நூலின் பதிகம் வகுத்துக்காட்டிய மூன்று உண்மைகளின் வழியே சென்றுள்ளது. ஆட்சியில் தவறியவனுக்கு அறமே எமனாகும் என்பது ஒன்று; கற்புடையாளைச் சான்றோர் வழிபடுவர் என்பது இன்னொன்று; முன்வினை தப்பாது வந்து தன் பயனைத் தரும் என்பது மற்றொன்று. சமயச் சார்புடையோர் மூன்றாவதை விரித்துரைத்தனர். இருபதாம் நூற்றாண்டுத் தமிழின எழுச்சியோடு கண்ணகியை அணுகியோர் இரண்டாவதைப் போற்றினர். 1968 ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலை, சிலம்பைக் கையில் ஏந்திய வழக்காளியாகவே கண்ணகியைக் காட்டுகின்றது. ஆயினும் அச்சிலையைச் சுற்றி எழுந்த சொற்பொழிவுகள் வழக்கைப் பேசியதிலும் கற்பைப் பேசியதே அதிகம்.

வழக்குரை காதையை அதன் நிகழ்ச்சி ஒழுங்கில் நோக்குமிடத்து, அது ஒரு விசாரணையின் அமைப்பை உடையது என்பது புலனாகும். வாயிலோன் வழியாக வழக்காளியின் வருகை அரசனுக்கு அறிவிக்கப்படுகின்றது. அரசன் அவளை யாரெனக் கேட்கின்றான். அவள் தன் ஊர், குடி, கணவன் பெயர் ஆகியவற்றைக் கூறுகின்றாள். கள்வனைக் கொல்லுதல் முறைகேடன்று என்பது அரசனின் எதிர்வாதம். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்பது அவளது கூற்று. அரசியின் சிலம்பின் பரல் முத்து என்பது அரசனது கூற்று. சான்றுப்பொருள் அவையிற் கொணரப்பட்டு உடைக்கப்படுகின்றது. மாணிக்கம் தெறிக்கவே, அரசன் தன்மீது தானே தீர்ப்புக் கூறி வீழ்கின்றான். கோவலன் எவ்வித விசாரணையுமின்றிக் கொலையுண்டவன். அவனுக்கு மறுக்கப்பட்ட விசாரணையை அவன் மனைவி இறந்தவன் பொருட்டு நடத்துவிக்கின்றாள். கற்பு அவளுக்கு வலிமை தந்திருக்கலாம். அவையில் வென்றது சான்று.

அதனினும் முக்கியமானது பின்னர் நிகழ்வது. வஞ்சிக் காண்டத்தின் வாழ்த்துக் காதையிலே தெய்வ வடிவில் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவனென்றும் தான் அவன் மகளென்றும் கூறுகின்றாள். பகைவனை உறவாக ஏற்கும் இவ்விடம் தமிழ் இலக்கியத்திற் காணப்படும் உயர்ந்த நல்லிணக்கக் காட்சிகளுள் ஒன்றாகும். ஆயின் இது வழக்குரை காதைக்கு முன்னர் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. தவறு செய்தவன் தன் தவறை அவையறிய ஒப்புக்கொண்ட பின்னரே பாதிக்கப்பட்டவள் அவனை மன்னிக்கின்றாள். மன்னிப்பை முதலிலும் விசாரணையைப் பின்னரும் வைக்க விரும்புவோர் இக்காப்பியத்தின் ஒழுங்கைத் தலைகீழாக்குகின்றனர்.

3

இவ்வொழுங்கு தற்செயலாக அமைந்ததன்று என்பதற்குக் கட்டுரை காதையே சான்றாகும். மதுரை எரிந்துகொண்டிருக்கையில் நகரின் காவற்றெய்வமான மதுராபதி கண்ணகியிடம் வருகின்றாள். முன்னே நின்று முகங்காண அஞ்சிப் பின்புறமாக வந்து, தான் சொல்வதைக் கேட்குமாறு வேண்டுகின்றாள். பூசலின் நடுவே இணக்கத்துக்கு முயலும் பெண் இவளே. இவள் சொல்லும் இரு கிளைக்கதைகளும் திறனாய்வாளரின் கவனத்தை அதிகம் பெறாதவை. ஆயின் கண்ணகியின் கதையோடு அவற்றைச் சேர்த்து வைக்கும்போது, பெண்ணின் முறைப்பாட்டுக்கு அரசு செய்யக்கூடிய மூன்று செயல்களும் ஒருங்கே புலப்படுகின்றன.

முதலாவது கார்த்திகையின் கதை. தங்கால் என்னும் ஊரிலே வார்த்திகன் என்ற அந்தணன் புதையல் கவர்ந்தவனென ஐயுற்று அரச ஏவலராற் சிறையிடப்படுகின்றான். அவன் மகனுக்கு வேற்றூர் அந்தணன் ஒருவன் அன்போடு அளித்த அணிகலன்களே ஐயத்துக்குக் காரணம். மனைவி கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து அழுகின்றாள். கொற்றவை கோயிலின் கதவு திறவாது போகின்றது. அரசன் காரணத்தை வினவி உண்மையை அறிந்து, வார்த்திகனை விடுவித்து, பிழை பொறுக்குமாறு வேண்டி, ஊர்களை இறையிலியாக வழங்குகின்றான். புதையல் கண்டெடுத்தவர்க்கே உரியது என விதியையும் மாற்றுகின்றான். விடுதலை, மன்னிப்புக் கோரல், இழப்பீடு, மீண்டும் நிகழாதிருக்கச் சட்டத் திருத்தம் ஆகிய நான்கும் இக்கதையில் உள்ளன. காலத்தே கேட்கப்பட்ட முறைப்பாடு இது.

இரண்டாவது நீலியின் கதை. கலிங்க நாட்டிலே சிங்கபுரத்து அரசனும் கபிலபுரத்து அரசனும் பகைகொண்டிருந்த காலம். இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட நிலம் ஆள் நடமாட்டமற்றுக் கிடந்தது. பிழைப்பின் பொருட்டு அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை, பரதன் என்ற அரச ஊழியன் பகைநாட்டு ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்துக் கொல்விக்கின்றான். அவன் மனைவி நீலி தெருத்தெருவாகச் சென்று அரசனையும் ஊரவரையும் நோக்கி இது நீதியோ என முறையிடுகின்றாள். 14 நாட்கள் அவள் அலைந்தாள், எவரும் கேட்கவில்லை. இறுதியில் மலையேறி வீழ்ந்து மாய்கின்றாள், மாயுமுன் சாபமிடுகின்றாள். அந்தப் பரதனே மறுபிறப்பிற் கோவலனாகினான் என்கிறாள் மதுராபதி.

இக்கதையை ஊழ்வினைக்கு எடுத்துக்காட்டு என்று மட்டும் கொள்வது அதன் கூர்மையை மழுங்கச் செய்வதாகும். மறுபிறப்பு என்பதைத் தலைமுறை எனப் பெயர்த்துக்கொண்டால், ஒரு காலத்திற் கேளாது விடப்பட்ட பெண்ணின் முறைப்பாடு அடுத்த காலத்துப் பூசலாக மீண்டு வரும் என்பதே அதன் பொருளாகும். பகைமைக் காலம், ஒற்றன் என்ற பழி, விசாரணையற்ற கொலை, தெருவில் நின்றழும் மனைவி ஆகிய இக்கதையின் கூறுகள் எவையும் போர்க்கால ஈழத்துக்கு அந்நியமானவையல்ல. கார்த்திகை காலத்தே கேட்கப்பட்டாள். கண்ணகி காலந்தாழ்த்திக் கேட்கப்பட்டாள். நீலி கேட்கப்படவே இல்லை. முதலாவதன் முடிவு கோயிற் கதவு திறத்தல். இரண்டாவதன் முடிவு நகரெரிதல். மூன்றாவதன் முடிவு இன்னொரு கோவலனின் கொலை.

மதுராபதியின் குறையையும் இவ்விடத்துச் சுட்டுதல் தகும். பாண்டியர் குடி நீதி தவறாதது எனத் தொடங்கி, நிகழ்ந்த கொலைக்கு முன்வினையே காரணம் என முடிக்கிறாள் அவள். உண்மையை விளக்கும் அதே வேளையில் பொறுப்பை ஊழின்மேல் ஏற்றிவிடுகின்றாள். இணக்கம் பேச வருவோர் பலர் இன்றும் இவ்வாறே பேசுகின்றனர். காலம் அப்படி, போர் என்றால் அப்படித்தான், எல்லோரும் இழந்தனர் என்னும் கூற்றுக்கள் ஊழ்வினைக் கோட்பாட்டின் புதிய உருவங்களே. அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் எவர் எதற்குப் பொறுப்பு என்னும் வினா அவற்றில் மறைந்துபோகின்றது.

4

சினம் தணியும் முறையிலும் இரு வேறு மரபுகள் உள்ளன. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுவது ஒன்று. பாண்டிநாடு மழையின்றி வறண்டு நோயுற்றபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான். பின் மழை பெய்தது. குற்றமிழைத்த பொற்கொல்லன் ஒருவனே, பலியானோர் ஆயிரவர். அவர்களுக்கு வழக்கு எதுவும் நடக்கவில்லை. சிலம்பை உடைத்துச் சான்று காட்டி உண்மையை நிறுவிய ஒருத்தியின் பெயரால், சான்று எதுவுமின்றி ஒரு குலமே தண்டிக்கப்படுகின்றது. நாடு செழித்தது என்று கட்டுரை அமைதியாகக் கூறி முடிக்கின்றது. இவ்வமைதி ஏற்கத்தக்கதன்று. வழக்குரை காதையின் அறத்தைக் கொண்டே உரைபெறு கட்டுரையின் அறத்தை மறுத்தல் வேண்டும்.

வற்றாப்பளையின் ஐதிகம் கூறுவது மற்றையது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து பல இடங்களிலே தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடமாதலிற் பத்தாம்பளை என்றிருந்த பெயர் வற்றாப்பளை என மருவியது என்பர். நந்திக்கடலோரம் மாடு மேய்த்து நின்ற சிறுவர்முன் அவள் ஒரு முதியவளாகத் தோன்றுகின்றாள், பசி என்கின்றாள். சிறுவர் பொங்கிப் படைக்கின்றனர். விளக்கேற்றச் சொல்கின்றாள், எண்ணெய் இல்லை என்கின்றனர். கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு கூற, விளக்கு எரிகின்றது. தலையிற் பேன் பார்க்கச் சொன்னபோது அங்கே எண்ணற்ற கண்களைக் கண்டு சிறுவர் திகைக்க, முதியவள் மறைகின்றாள். வைகாசித் திங்களிற் பொங்கல் விழா நிகழும் வழக்கம் இதன் நினைவாகவே தொடர்கின்றது. பாக்குத்தெண்டலோடு தொடங்கி, கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கேற்றி, அங்குப் பொங்கியபின் வற்றாப்பளையிற் பொங்குதல் அவ்விழாவின் முறையாகும்.

கொற்கையிலே அரசன் இரத்தத்தால் தணித்த சினத்தை நந்திக்கடலோரத்திலே சிறுவர் சோற்றாலும் விளக்காலும் தணிக்கின்றனர். வந்தவளை யாரென்று அறியாமலே அவள் பசியைக் கேட்டனர். அவள் சொன்னதைச் செய்தனர். அவள் தலையின் கண்களைக் கண்டது அவளருகே அமர்ந்து பேன் பார்த்ததனாலேயே. துயருற்றவளின் அருகிருந்து அவள் கண்டவற்றைக் காண்பதே ஆற்றுதலின் தொடக்கம் என்று இவ்வைதிகத்துக்குப் பொருள் கொள்ளலாம். நாட்டார் மரபு காப்பிய மரபினும் மேம்பட்டு நிற்கும் இடம் இது.

அன்றியும் ஈழத்துச் சடங்கொழுங்கு வழக்கையும் குளிர்த்தியையும் பிரித்துவிடவில்லை. கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களிலே வைகாசியிற் கண்ணகி வழக்குரை நாட்கணக்கிற் பாடப்பட்டு, முடிவிலேயே திருக்குளிர்த்தி நிகழ்கின்றது. வன்னியிலும் சிலம்பு கூறல் என்னும் வாசிப்பு மரபும் கோவலன் கூத்தும் கதையை ஊரறியச் செய்யும் பணியை ஆற்றிவந்துள்ளன. அநீதியை முற்றாக எடுத்துரைத்து, ஊரார் விடிய விடிய இருந்து கேட்ட பின்னரே தெய்வம் குளிர்கின்றது. எடுத்துரையாது குளிர்த்தி செய்யும் வழக்கம் அங்கில்லை.

இத்தெய்வம் தமிழருக்கு மட்டும் உரியவளல்லள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்யோ என வழிபடுகின்றனர். அவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த கணநாத் ஒபயசேகரவின் நூல் 1984 ஆம் ஆண்டு வெளிவந்தது. இலங்கையின் இரு மொழி மக்களும் அநீதியிழைத்த அரசனை எதிர்த்த ஒருத்தியையே பொதுத் தெய்வமாகக் கொண்டுள்ளனர்.

5

இம்மரபைப் போற்றுமிடத்து அதன் எல்லைகளை மறைத்தல் நேர்மையாகாது. கணவன் உயிரோடிருந்த காலத்துக் கண்ணகி அதிகம் பேசாதவள். அவன் மாதவியிடம் சென்றபோது அவளுக்கு வழக்கில்லை. கணவனின் மரணத்தாலேயே அவளுக்கு வாய் திறக்கின்றது. பெண்ணின் நீதிக்குரல் மனைவி, தாய் என்னும் உறவின் வழியே மட்டும் செல்லுபடியாகும் என்ற வரையறை இதில் உள்ளது. பாண்டிமாதேவியோ அவ்வாய்ப்பும் இன்றி அரசனோடு மடிகின்றாள். மேலும், வழக்குரைத்த பெண்ணைத் தெய்வமாக்குதல் அவளைப் போற்றுதலாக இருக்கும் அதேவேளை, சாதாரணப் பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை எனச் சொல்லாமற் சொல்லுவதாகவும் அமையக்கூடும். சடங்கை நடத்துவோர் ஆண்கள். கூத்திலே கண்ணகி வேடமிட்டு வழக்குரைத்தவர்களும் மரபாக ஆண்களே. பெண்ணின் குரலைக் கொண்டாடிய களரியிற் பெண் பார்வையாளராகவே இருந்தாள்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நிலவிய தேசவழமை சீதனச் சொத்தைப் பெண்ணுக்கு உரித்தாக்கிற்று. ஆயினும் மணமான பெண் தன் அசைவற்ற சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் சம்மதத்தை வேண்டிற்று. உரிமை உண்டு, அதனைச் செயற்படுத்தும் குரல் இல்லை என்ற இம்முரண் கண்ணகி மரபின் முரணோடு ஒத்திருப்பது வியப்பன்று. ஆதலின் இம்மரபு வன்னிப் பெண்களுக்கு ஆயத்தமான விடையாகாது. அவர்கள் தம் கையிலெடுத்து விரிவாக்க வேண்டிய ஒரு தொடக்கமே ஆகும்.

6

அவ்வாறு அவர்கள் அதனை விரிவாக்கினர் என்பதற்கு அண்மைக்கால வரலாறு சான்று பகர்கின்றது. பெண்கள் சமாதான முயற்சியிலே முறையாக அமர்த்தப்பட்ட நிகழ்ச்சியொன்று கிளிநொச்சியிலேயே இடம்பெற்றது. 2002 ஆம் ஆண்டுப் பேச்சுவார்த்தைகளின்போது அமைக்கப்பட்ட பால்நிலை விவகார உபகுழுவில் இரு தரப்பிலுமிருந்து ஐவர் ஐவராகப் பெண்கள் இடம்பெற்றனர். அரசதரப்புக் குழுவுக்குக் குமாரி ஜயவர்த்தனவும் விடுதலைப் புலிகள் தரப்புக்குத் தமிழினியும் தலைமை தாங்கினர். நோர்வே அனுசரணையாளரை அமர்த்தியது. 2003 மார்ச்சில் அக்குழு கிளிநொச்சியிற் கூடி, மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியற் பங்கேற்பு முதலியவற்றை ஆராயத் தொடங்கிற்று. அடுத்த மாதமே பேச்சுவார்த்தைகள் இடைநிறுத்தப்பட்டன. உபகுழுவும் அதனோடு நின்றது. பெண்களின் அமர்வு தனக்கென வேர்கொள்ளாது, ஆண்கள் நடத்திய மேசையின் ஒரு காலாகவே இருந்தமையால் மேசை கவிழ்ந்தபோது அதுவும் கவிழ்ந்தது. அக்குழுவில் இருந்த தமிழினி 2015 ஒக்ரோபரிற் காலமானார். 2016 இல் வெளிவந்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ என்ற அவரது தன்வரலாறு, தாம் சார்ந்திருந்த இயக்கத்தையே வினவும் நூலாக அமைந்தமை குறிப்பிடத்தக்கது. போரின் இறுதியாண்டுகளிற் பிள்ளைகள் வலிந்து படையிற் சேர்க்கப்பட்டபோது வன்னித் தாய்மார் எழுப்பிய ஓலத்துக்கு அன்று அவை இருக்கவில்லை என்பதையும் இங்கு மறத்தல் ஆகாது. வழக்குரைக்கும் உரிமை, கொன்றவன் பகைவனாயின் மட்டும் உரியது என்பதன்று.

2009 மேயில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. அதன்பின் அமைக்கப்பட்ட ஆணைக்குழுக்கள் பல. 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு கிளிநொச்சியிலும் அமர்ந்தது. 2013 இல் நியமிக்கப்பட்ட, காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஆணைக்குழுவும் வன்னியில் அமர்வுகளை நடத்திற்று. கையளித்த பிள்ளை எங்கே எனக் கேட்ட தாயிடம், கோழி வளர்ப்பதா ஆடு வளர்ப்பதா விருப்பம் எனக் கேட்கப்பட்டமை அவ்வமர்வுகளை அவதானித்தோர் எடுத்துக்கூறிய குறையாகும். வாழ்வாதார உதவி தேவையற்றதென எவரும் கூறார். ஆயின் வழக்குக்கு விடையாக அது வைக்கப்படும்போது, சிலம்பைக் கையில் ஏந்தி நிற்பவளுக்குச் சிலம்புக்கு விலை பேசுவது போன்றதாகின்றது.

2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தாற் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் தாபிக்கப்பட வழி செய்யப்பட்டது. அதன் ஆணையாளர்கள் 2018 இலேயே நியமிக்கப்பட்டனர். இதற்கிடையே, 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியிலும், அம்மாதமே வவுனியாவிலும், மார்ச் 8 ஆம் திகதி முல்லைத்தீவிலும் தாய்மார் தெருவோரக் கொட்டில்களில் அமர்ந்து தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். 2017 யூனில் அன்றைய சனாதிபதி யாழ்ப்பாணத்தில் அவர்களுட் சிலரைச் சந்தித்து, சரணடைந்தோர் பட்டியலை வெளியிடச் செய்வதாக வாக்களித்தார். பட்டியல் அவர்கள் கைக்கு வரவில்லை. நீலி அலைந்தது 14 நாட்கள். இத்தாய்மாரின் இருப்பு ஆண்டுக்கணக்காயிற்று. பதில் பெறாமலே இறந்துபோன பெற்றோர் பலர்.

இதே 2017 இல் நிகழ்ந்த இன்னொரு போராட்டம் மாறான முடிவைக் கண்டது. வற்றாப்பளைக்கு அண்மையில், நந்திக்கடலை அடுத்துள்ள கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பு மக்கள், விமானப்படையினர் வசமிருந்த தம் காணிகளைக் கேட்டு, சனவரி 31 ஆம் திகதி முகாம் வாயிலிலே அமர்ந்தனர். பெண்களே அதில் முன்னின்றனர். குழந்தைகளோடு அங்கேயே சமைத்து, அங்கேயே உறங்கினர். மார்ச் 1 ஆம் திகதி காணிகள் விடுவிக்கப்பட்டன. கேப்பாப்புலவின் ஏனைய காணிகளுக்கான போராட்டம் தொடர்ந்ததாயினும், கேட்டவருக்குக் கேட்டது கொடுக்கப்பட்ட அந்த நாளிலே அங்கே பூசல் இல்லை. அம்மக்கள் தம் முற்றங்களைத் துப்புரவு செய்யச் சென்றனர். கார்த்திகைக்குத் திறந்த கதவைப் போன்றது அது. குறிப்பான முறைப்பாடு, குறிப்பான பரிகாரம், அதனைத் தொடரும் அமைதி என்ற ஒழுங்கு நூல்களில் மட்டும் உள்ளதன்று என்பதற்கு அதுவே போதிய சான்றாகும்.

இத்தொடரிற் கொற்கையின் நிழலும் உண்டு. 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆகிய முல்லைத்தீவு ஊர்களின் முஸ்லிம் பெண்களும் கையிலெடுத்த சிறு பொதிகளோடு வீடிழந்து சென்றனர். சிலர்மேற் கொண்ட ஐயத்துக்கு ஒரு சமூகமே பலியாக்கப்பட்டது. அப்பெண்களின் வழக்கும் வன்னியின் வழக்கே ஆகும். அதனைக் கேளாது வன்னித் தமிழ்ச் சமூகம் தன் வழக்கை மட்டும் உலகின்முன் வைப்பின், வழக்குரை காதையை ஒரு கையிலும் உரைபெறு கட்டுரையை மறுகையிலும் ஏந்தியதாகும்.

7

தாய்மார் வழக்குரைத்தல் வன்னிக்கு மட்டும் உரியதன்று. ஆர்ஜென்டீனாவில் 1977 இல் மே சதுக்கத்தில் தாய்மார் வெள்ளைத் தலைத்துணியோடு வலம்வரத் தொடங்கினர். யாழ்ப்பாணத்தில் 1984 இல் அன்னையர் முன்னணி கச்சேரியை நோக்கி ஊர்வலம் சென்றது. தென்னிலங்கையில் 1990 இல் உருவான அன்னையர் முன்னணியின் சிங்களத் தாய்மார் கோயில்களிலே தேங்காய் உடைத்து, பிள்ளைகளைக் கொண்டுசென்றோரைச் சபித்தனர். கேட்கும் அவையின்றித் தெய்வத்திடம் சென்ற அவர்கள் செயலில் நீலியின் சாபமும் பத்தினியின் சினமும் ஒருங்கே ஒலித்தன. வடக்கிலும் தெற்கிலும் ஒரே வழக்கையுடைய இப்பெண்கள் ஒருவர் வழக்கை மற்றவர் கேட்கும் நாளிலே, எந்த ஆணைக்குழுவும் ஆற்றாத பணி நிறைவேறத் தொடங்கும்.

சமாதானத்திற் பெண்களின் பங்கு யாது என்ற வினாவுக்கு வன்னியின் கண்ணகி மரபு தரும் விடை தெளிவானது. தணிப்பவளாக மட்டும் அவள் வரவில்லை, வழக்காளியாக வருகின்றாள். சான்றோடு வருகின்றாள், கேட்கும் அவையை வேண்டுகின்றாள், கேட்டபின் பகைவனையும் உறவாக ஏற்கும் ஆற்றல் அவளிடம் உண்டு. வழக்கைத் தவிர்த்துவிட்டு அவ்வாற்றலை மட்டும் கடன் கேட்போர் இம்மரபை அறியாதோராவர். அதே மரபு அவளுக்கும் ஓர் எல்லையை விதிக்கின்றது: ஒருவன் பிழைக்கு ஆயிரவரைக் கேட்பது நீதியாகாது.

முள்ளியவளையிலே வைகாசிதோறும் உப்புநீர் விளக்கு ஏற்றப்படுகின்றது. கண்ணீரும் உப்புநீரே. அந்நீரில் விளக்கெரியும் என்று வன்னி மக்கள் நம்புகின்றனர். அது எரிய வேண்டுமாயின், பசியோடும் வழக்கோடும் வந்து நிற்பவளை முதலில் அருகிருத்திக் கேட்டல் வேண்டும்.